சுனையோடு திரும்பிவிடாதீர்கள்: சென்னை மலைநடைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து எங்கள் மலைகளுக்கு நடக்க வரும் தம்பி தங்கைகளுக்கு,



நகரிக்கும் நாகலாபுரத்துக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மலையின் அடிவாரத்துக்காரன் நான். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சினிமாக் கொட்டகையில் இரண்டும். மலைக்கு மேற்கே நகரி, சித்தூர் மாவட்டம். கிழக்கே நாகலாபுரம், 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டம். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நாங்கள் ஆந்திரத்திலேயே இருந்துவிட்டோம். இன்றும் பெண் கொடுப்பதும் எடுப்பதும், உடம்பு முடியாவிட்டால் ஓடுவதும் உங்கள் பக்கம்தான். ஆகவே வெளியூர்க்காரர்களுக்கு எழுதுவதாக நினைத்து இதை எழுதவில்லை.

நீங்கள் வருவதில் எனக்கு மகிழ்ச்சி. வேலை நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, விடுமுறையில் தூக்கத்தை விட்டு, ஊத்துக்கோட்டை வழியாக விடியுமுன் வந்து சேர்கிறீர்களே, அந்த ஆசை நல்ல ஆசை. ஆனால் உங்களில் பெரும்பாலோர் வருவது சுனைக்காக. ஆரை அணைக்கட்டருகே வண்டியை விட்டுவிட்டு, ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே போகிறீர்கள். முதல் சுனை, இரண்டாம் சுனை, அதற்கும் அப்பால் நீங்களே ‘மேஜிக் பூல்’ என்று பெயர் வைத்த ஆழச்சுனை. குளித்து, படம் எடுத்து, பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, திரும்பிவிடுகிறீர்கள். வரதய்யபாளையம் வழியாக உப்பலமடுகுக்கு, நீங்கள் தடா அருவி என்று சொல்லும் இடத்துக்கு, போகிறவர்களும் இப்படித்தான். அந்த நீரின் அருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் ஆழத்தில் கிடக்கும் கூழாங்கல்லின் கோடு மேலிருந்தே தெரியும். காலை நீட்டி உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொறிக்கும். சித்திரையிலும் அந்த நீர் சில்லென்றிருக்கும்.

ஆனாலும் ஓடைப் பள்ளத்திலிருந்து மலை தெரியாது. இருபுறமும் பாறை எழும்பி நிற்க, தலைக்கு மேலே ஒரு துண்டு வானம் மட்டும் தெரியும். இந்த மலையின் பெருமை அதன் முகட்டில் இருக்கிறது, அங்கே நின்றால் கிழக்கே விரியும் காட்சியில் இருக்கிறது. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதும், அங்கே நேர்வழியில் போய்ச்சேர நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்பதும்தான் இந்த மடலின் நோக்கம்.

அடுத்த முறை திருப்பதிக்கு ரயிலில் போகும்போது கிழக்குப் பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். திருத்தணி தாண்டி, நகரிக்கான ஏகாம்பரகுப்பம் நிலையம் நெருங்குகையில், மலைமுகட்டின் ஒரு முனை செங்குத்தாக அறுந்து நிற்பது தெரியும். மல்லாந்து படுத்த முகத்தின் மூக்கு அது. ‘நகரி மூக்கு’ என்று ஆங்கிலேயர் கால கெசட்டியர்களிலேயே அதற்குப் பெயர் உண்டு. உயரம் 2,824 அடி, அதாவது 860 மீட்டர். கொடைக்கானல், குமரிக்கல் என்று ஏறிப் பழகிய கால்களுக்கு இது சின்ன மலைதான். ஆனால் இதற்கும் வங்கக் கடலுக்கும் நடுவே இதைவிட உயரமான நிலம் கிடையாது. தடாவுக்கு மேற்கே நிற்கும் கம்பாக்கம் துர்க்கம் கடலுக்கு இன்னும் கிட்டே இருந்தாலும் உயரத்தில் கொஞ்சம் குறைவு.

இந்த ஒரு காரணத்தால் நகரி மூக்கை நம்மைவிட மாலுமிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். சோழமண்டலக் கரை தட்டையான கரை. கடலிலிருந்து வருகிறவனுக்குக் கரைமணலோ பனந்தோப்போ கண்ணில் படுமுன்னே மேற்கில் இந்த மலைகள் நீலமாக எழும்பிவிடும். சென்னைக்கு அன்று ஒழுங்கான துறைமுகம் இல்லை. 1875இல் தொடங்கிய துறைமுக வேலையையும் 1881ஆம் ஆண்டுப் புயல் உடைத்துப் போட்டது. கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி, ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டிக் கரைக்கு அனுப்பின. 1796இல் கோட்டையில் ஏற்றிய முதல் கலங்கரை விளக்கு இரவுக்கு உதவியது. வெளிச்சம் நன்றாக இருந்த பகலில் நகரி மூக்கும் பழவேற்காட்டுப் பக்கத்து மலைகளும் கப்பல்காரனுக்கு வழி சொல்லின. ஏறத்தாழ 50 மைல் உள்ளே நிற்கிற ஒரு மலை கடலோடிகளின் குறிப்பில் ஏறியது இப்படித்தான்.

கடலிலிருந்து மலை தெரிந்தால் மலையிலிருந்து கடலும் தெரிந்தாக வேண்டும். 860 மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்கு அடிவானம் 100 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கிறது. நகரி மூக்கிலிருந்து நேர் கிழக்கே கடற்கரை 75 கிலோமீட்டர் போல வரும், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரை அதைவிடக் கிட்டே. எனவே தூசும் புகையும் வழிவிட்டால் கடல் தெரியும். வழிவிடும் நாட்கள்தான் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மழைக்கு நடுவே வானம் வெளுக்கும் நாள் ஒன்று வரும், அதுதான் நாள். மார்கழி, தையில் காலைப் பனி கீழே சமவெளியை மூடிவிடும். பங்குனிக்கு மேல் வெக்கை எழும்பி, பிச்சாட்டூர் அணைகூட மங்கிப்போகும்.

நேரமும் பார்க்க வேண்டும். காலையில் சூரியன் கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும், ஆனால் நீர்ப்பரப்பெல்லாம் மின்னும். பழவேற்காடு ஏரி அப்போது வெள்ளித் தகடாகக் கிடக்கும், அதற்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் கருங்கோடு, அதற்கும் அப்பால் நிறமே இல்லாத ஒரு பட்டை. அதுதான் கடல். பிற்பகலில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விட, நிறங்கள் தெளியும். நாகலாபுரத்து ஏரிகள், சத்தியவேட்டுச் சிறுகுன்றுகள், ஸ்ரீசிட்டி தொழிற்கூடங்களின் வெள்ளைக் கூரைகள் எல்லாம் தனித்தனியாகத் தெரியும். தென்கிழக்கே பூண்டி நீர்த்தேக்கம். மேற்கே திரும்பினால் நகரி ஆறு, ரயில் பாதை, கார்வேட்டிநகரத்து மலைகள். வடமேற்கில் மட்டும் பார்வை ஒரு சுவரில் முட்டும். நீளமாக, உச்சி தட்டையாக, அடியில் செங்குத்தாக நிற்கும் அந்தச் சுவர்தான் திருமலை. வேங்கடத்தைத் தமிழ்நிலத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் ஏன் வைத்தது என்பதை நான் பள்ளியில் படித்துத் தெரிந்துகொண்டதைவிட இங்கே நின்று தெரிந்துகொண்டது அதிகம். பொருள் தேடிப் போகிறவர்கள் அதைக் கடந்து வேறு மொழி பேசும் நாட்டுக்குப் போனதை மாமூலனார் அகநானூற்றில் பாடியிருக்கிறார். அவர்களும் நடந்துதான் போனார்கள்.

காட்சியைப் பார்த்த பிறகு காலடியையும் பாருங்கள். நீங்கள் நிற்கும் பாறை கருங்கல் கிடையாது. இளஞ்சிவப்பும் வெண்மையுமாக, உடைத்தால் சர்க்கரைப் பரல் மாதிரி மின்னும் படிகப்பாறை. புவியியலாளர்கள் குவார்ட்சைட் என்கிறார்கள், கடப்பாப் பாறை வரிசையில் ‘நகரி குவார்ட்சைட்’ என்றே ஒரு அடுக்குக்குப் பெயர் இருக்கிறது. 150 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது அது மணலாகப் படிந்து. அன்று இங்கே ஆழமில்லாத ஒரு கடல் இருந்தது. அலை புரண்ட மணல் இறுகிப் பாறையானபோது அலையின் தடமும் அதிலேயே தங்கிவிட்டது. தேடினால் பலகைப் பாறைகளின் மேல் விரல் அகலத்தில் வரிவரியான மேடுபள்ளம் அகப்படும். சாய்வெயிலில் கையை வைத்துத் தடவிப் பாருங்கள். மெரினாவில் நீர் வடிந்த பிறகு மணலில் கிடக்குமே, அதே வரி. ஒரு கடற்கரையின் மேல் நின்றுகொண்டுதான் இன்னொரு கடற்கரையைப் பார்க்கிறீர்கள்.

இந்தக் கல்லுக்கு மனிதக் கதையும் உண்டு. மிகப் பழைய காலத்தில் வெள்ளம் இதை உடைத்து உருட்டித் தென்கிழக்கே கொண்டுபோய், பூண்டிக்கு அருகே அல்லிக்குழி மலையில் கூழாங்கல் குவியலாகச் சேர்த்தது. அந்தக் குண்டுக்கற்களை எடுத்து ஆதிமனிதர்கள் அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரி செய்தார்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட்டும் வில்லியம் கிங்கும் அவற்றைக் கண்டார்கள். அங்கே மனிதர் வாழ்ந்த காலம் 15 லட்சம் ஆண்டு வரை பின்னோக்கிப் போகிறது என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன. அதே கிங் 1872இல் கடப்பாப் பாறைகளைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார்.

இனி, சங்கடமான பகுதி.

மேலே சொன்ன முகட்டுக்கு இன்று உங்களை அழைத்துப்போகிறேன் என்று என்னால் சொல்ல முடியாது. இளமையில் மாடு ஓட்டுகிறவர்களோடு போன தடங்கள் அவை. இன்று அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் காலெடுத்து வைப்பது ஆந்திர வனச் சட்டப்படி குற்றம். சுனைகளுக்கும் இது பொருந்தும். சில காலம் விடுகிறார்கள், சில காலம் தடுக்கிறார்கள், தடுக்கும் காலத்தில் வேறு ஓடைவழியாக நுழைகிறீர்கள். நுழைந்த பின் வண்டி பிடிபட்டு, சத்தியவேட்டிலோ புத்தூரிலோ நாள் முழுக்க உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கண்டிப்பை அதிகாரிகளின் வெறும் பிடிவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மலைகளில் செம்மரம் வளர்கிறது. உலகத்திலேயே கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தெற்குத் துண்டில்தான் அது தானாக வளரும். ஓடையோரம் ஏறும்போது முதலைத் தோல் போலக் கட்டம்கட்டமாக வெடித்த கரும்பட்டையோடு ஒரு மரம் நின்றால், கீழே குனிந்து தேடுங்கள். நடுவில் விதையும் சுற்றிலும் மெல்லிய சிறகுமாக வட்டமான காய் கிடக்கும். அந்த மரத்துக்காக எத்தனை உயிர்கள் போயிருக்கின்றன என்பதையும் அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திர அதிரடிப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலையிலிருந்தும் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் கூலிக்கு அழைத்துவரப்பட்ட ஏழைகள். அவர்களும் உங்கள் மொழி பேசியவர்கள்தான். அப்படிப்பட்ட செம்மரக் காட்டில்தான் நீங்கள் கூடாரப் பையோடு இரவு தங்க நினைக்கிறீர்கள். இருட்டில் நெருப்பும் டார்ச் வெளிச்சமும் தெரிந்தால் காவலர் என்ன நினைப்பார் என்று ஒரு முறையாவது அவர் இடத்தில் நின்று எண்ணிப்பாருங்கள்.

குரங்கணியை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று அந்தத் தீயில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டது உங்கள் கூட்டத்தின் சொந்தத் துக்கம். எங்கள் முகட்டிலும் மாசி பிறந்தால் இடுப்பளவுப் புல் காய்ந்து நிற்கும். கீழே ஓடைப் பள்ளத்தில் கிளம்பும் தீ, சரிவில் மனிதனைவிட வேகமாக ஏறும். மழைக்காலத்தின் ஆபத்து வேறு வகை. படிகப்பாறை நீரைக் குடிக்காது, பெய்தது அப்படியே உருண்டு இறங்கும். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், முகட்டில் இடி இடித்திருக்கும், சற்று நேரத்தில் ஓடை கலங்கி மேலெழும். நீர் கலங்கிவிட்டது என்று தெரிந்தால் பையைக்கூட எடுக்காமல் கரையேறுங்கள். இன்னொன்றும் உண்டு. நாகலாபுரம் பக்கம் மலையின் கிழக்குச் சரிவு. முகடு சூரியனை முன்னதாகவே மறைத்துவிடும். ஊரில் பொழுது இருக்கும்போதே பள்ளத்தில் இருட்டிவிடும். நீச்சல் தெரியாத பிள்ளைகள் ஆழச்சுனையில் போவதும், பாசியில் சறுக்கியவர்கள் எலும்பு முறிந்து புத்தூர்க் கட்டுக்கு வருவதும் பெரும்பாலும் அந்த அவசரத் திரும்பலில்தான்.

அப்படியானால் எங்கே நடப்பது? இன்றைக்கே, யாரிடமும் ஒளியாமல் நடக்கத் திருமலை இருக்கிறது. நடைக்குழுக்காரர்கள் அதைப் பக்தர்களின் வழி என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். நம்பிக்கை உண்டோ இல்லையோ, தென்னிந்தியாவில் இத்தனை நூற்றாண்டுகளாக இத்தனை கால்கள் இடைவிடாமல் ஏறிய மலைப்பாதை வேறெது? அலிபிரியிலிருந்து போவது 3,550 படி, 9 கிலோமீட்டர். ஆரம்பத்திலேயே மூச்சை வாங்கும் ஏற்றம், காலிகோபுரம் வரை. அங்கே நின்று திரும்பினால் திருப்பதி நகரம் முழுக்கக் காலடியில். பிறகு மேட்டுச் சமவெளி, மான்கள், சாலையோர நடை, கடைசியில் முழங்கால் முறிச்சான். இராமானுசர் மலை மேல் கால் வைக்கக் கூசி முழங்காலால் ஏறினார் என்று சொல்லப்படுகிற இடம். சீனிவாசமங்காபுரத்தருகே தொடங்கும் ஸ்ரீவாரி மெட்டு 2,388 படி, 2.1 கிலோமீட்டர்தான். குறுகலானது, செங்குத்தானது, சந்திரகிரிக் கோட்டைப் பக்கம் திறக்கும் காட்சியால் எனக்கு இதுதான் பிடித்தது. 2021 நவம்பர் பெருமழையில் இந்தப் பாதை நொறுங்கி, 2022 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். பாறை உருண்டு படிகளை அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தால், வெள்ளத்தைப் பற்றி நான் மேலே சொன்னது மிகையில்லை என்று தெரியும்.

ஏறும்போது பாறையைக் கவனிக்கச் சொல்வேன். அடிவாரத்தில் பழைய கருங்கல், அதன் மேல் படுக்கைப் படுக்கையாகக் குவார்ட்சைட். இரண்டும் தொடும் கோட்டில் பல பத்துக் கோடி ஆண்டுக் காலத்தின் பாறை காணாமல் போயிருக்கிறது. மலைச்சாலை வெட்டில் அந்தக் கோடு பளிச்சென்று தெரியும். அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். மேலே சிலாதோரணம் என்ற இயற்கை வளைவையும் அப்படியே. வரிசையில் நிற்கும் பொறுமை இல்லாதவர்கள் நாராயணகிரி உச்சிக்குப் போகலாம். தும்புரு தீர்த்தத்துக்குக் காட்டு நடை போக ஆசை இருந்தால் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டிய முக்கோடி நாளைப் பாருங்கள். ராமகிருஷ்ண தீர்த்தத்துக்குத் தைப் பௌர்ணமி, குமாரதாரைக்கு மாசிப் பௌர்ணமி. ஆண்டில் அந்த ஒரு நாளில் தேவஸ்தானமே வழியில் சோறும் தண்ணீரும் வைத்து மக்களை அனுப்புகிறது. கிழவிகள் தலையில் துணிமூட்டையோடு உங்களை முந்திக்கொண்டு போவார்கள்.

அங்கேயும் காடு காடுதான். 2023 ஆகஸ்டில் அலிபிரி வழியில் ஒரு சிறுமியைச் சிறுத்தை அடித்துக் கொன்றது. அதன் பிறகு பிற்பகலில் சிறுவர்களை நடைபாதையில் விடுவதற்குக் கட்டுப்பாடு வந்தது, கூட்டமாக நடக்கச் சொன்னார்கள், கையில் தடி கொடுத்தார்கள். குழந்தைகளோடு வருகிறவர்கள் காலையிலேயே ஏறி முடித்துவிடுங்கள்.

எங்கள் பக்கத்திலும் திறந்த இடங்கள் இருக்கின்றன. நாராயணவனம் தாண்டிக் கைலாசகோனை அருவி, கோயிலை ஒட்டியது. பிச்சாட்டூர் அருகே ராமகிரியில் மலையிலிருந்து வரும் ஊற்று கல்நந்தியின் வாய்வழியாகக் குளத்தில் கொட்டிக்கொண்டே இருக்கும், கோடையிலும் நிற்காது. நாகலாபுரத்தில் கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாள் நினைவாகக் கட்டிய வேதநாராயணர் கோயிலில் பங்குனி வாக்கில் மூன்று நாள் மாலை வெயில் கருவறைக்குள் போய்ச் சாமியின் காலிலிருந்து மேலேறும். சுனைக்குப் போகிற வழியில் அந்தக் கோபுரத்தைத் தாண்டித்தானே போகிறீர்கள், உள்ளே போனவர் எத்தனை பேர்?

இந்த மலைக்கும் உங்கள் வீட்டுக் குழாய்க்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் ‘பிச்சாட்டூர் அணை திறப்பு, ஆரணி ஆற்றில் வெள்ளம்’ என்று செய்தி படித்திருப்பீர்கள். அந்த ஆரணி ஆறு நாகலாபுரம் பக்கத்து ஓடைகளால் நிறைகிறது. சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவன் கோயிலை உரசிக்கொண்டு ஊத்துக்கோட்டை, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டில் சேர்கிறது. மலையின் மேற்குச் சரிவில் விழும் மழை நகரி ஆற்றில் இறங்கி, கொசஸ்தலையோடு பூண்டிக்குப் போகிறது. சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி பாடுபட்டு, 1944இல் நிறைவேறிய நீர்த்தேக்கம் அது. சென்னை குடிக்கும் தண்ணீரின் ஒரு பங்கு இந்த முகட்டில் பிரிந்து இறங்குவதுதான்.

ஓடையில் நீங்கள் விட்டுப்போகிறவற்றை நாங்கள் பொறுக்குகிறோம். வெள்ளித்தாள் பொட்டலம், தெர்மாகோல் தட்டு, ஒற்றைச் செருப்பு. அவை கண்ணுக்குத் தெரிவதால் பரவாயில்லை. மதுப்புட்டிச் சில்லுதான் கொடுமை. ஈரத்தில் கிடக்கும் படிகக் கல்லும் உடைந்த கண்ணாடியும் ஒரே மாதிரி மின்னும். வெறுங்காலோடு ஆடு ஓட்டிவரும் பையனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது காலில் இரத்தம் வந்த பிறகுதான். குழுவாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை என்று எனக்குத் தெரியும். மூட்டை கட்டிக் குப்பை அள்ளிக்கொண்டு போனவர்களும் உங்களில் உண்டு, அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் வழியையும் வரைபடத்தையும் காணொளியையும் ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டியது உங்கள் கூட்டம். அதைப் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு உங்கள் ஒழுங்கு தெரியாது. தயவுசெய்து சுனைகளின் இருப்பிடக் குறியீட்டை இனிப் போடாதீர்கள், போட்டதை எடுத்துவிடுங்கள்.

நான் கேட்கும் காரியம் இதுதான். நகரி, நாகலாபுரம் மலைக்கு முறையான ஒரு நடைவழி வேண்டும். கிழக்கு அடிவாரத்தில் ஏறி, முகட்டில் கடலைப் பார்த்துவிட்டு, பகலிலேயே இறங்கிவிடும் ஒரு வழி. வனத்துறை அனுமதிச் சீட்டோடு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்ற வரம்போடு, உள்ளூர் ஆள் ஒருவர் முன்னே நடக்க. மாசி முதல் ஆனி வரை மூடிவிட வேண்டும். இது நடக்காத காரியமில்லை. தலக்கோனையில் 270 அடி அருவியும் மர உச்சிகளுக்கு நடுவே கயிற்றுப் பாலமும் பார்க்க ஆண்டு முழுதும் மக்கள் வருகிறார்கள். அங்கே வனத்துறை அடிவாரத்து ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டுதான் சுற்றுலாவை நடத்துகிறது. உங்கள் தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் 40 மலைவழிகளை வழிகாட்டியோடு திறந்தார்கள். அதில் பூண்டிக்குப் பக்கத்துக் குடியம் குகையும் ஒன்று. எங்கள் மலையிலிருந்து உருண்டுபோன கல் கிடக்கும் இடத்துக்கு வழி இருக்கிறது, மலைக்கு இல்லை.

தனித்தனியாக நீங்கள் அனுமதி கேட்டால் கிடைக்காது. குழுக்கள் எல்லாம் சேர்ந்து, இத்தனை பேர் நடக்கிறோம், இந்த வழி வேண்டும், இந்த விதிகளுக்குக் கட்டுப்படுகிறோம் என்று எழுத்தில் திருப்பதி, சித்தூர் வன அலுவலகங்களுக்குக் கொடுங்கள். அதோடு அடிவாரத்து ஊராட்சிகளின் தீர்மானமும் சேர வேண்டும். ஆடு மாடு மேய்ப்பவர்கள், தேனெடுப்பவர்கள், யானாதிக் குடிகள் ஆகியோருக்கு அதில் கூலி என்ன என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். தடம் தெரிந்தவர்கள் அவர்கள். எந்தப் பாறையிடுக்கில் தேன் கட்டும், எந்த மேட்டில் கரடி புரண்ட மண் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று நீங்கள் வந்துபோவதால் அவர்களுக்குக் கிடைப்பது வண்டி நிறுத்தும் காசுகூட இல்லை. சாப்பாட்டையும் சென்னையிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறீர்கள். ஊரில் சொல்லிவைத்தால் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், ஆனி மாதமென்றால் அடிவாரத் தோப்புக் கிளிமூக்கு மாம்பழமும் கிடைக்கும்.

ஊராட்சித் தீர்மானங்களை வாங்கித் தருவது எங்கள் பொறுப்பு. தெலுங்கில் போக வேண்டிய மனுவையும் இங்கே எழுதித் தர ஆள் இருக்கிறார்கள். உங்கள் குழுக்கள் கையெழுத்துப் போட்ட தாள் ஆவணி முடிவதற்குள் எங்களிடம் வந்தால், ஐப்பசி மழைக்கு முன்னே வன அலுவலகத்தில் கொடுத்துவிடலாம். இந்த ஆண்டு அனுமதி கிடைக்காமல் போகலாம். அடுத்த ஆண்டும் கேட்போம். அதுவரை திருமலைப் படியிலும் குடியத்திலும் நடந்து காலைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
நகரி மலையடிவாரத்திலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்